ஏழு வருஷம் கற்றது என்ன?

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் பற்றித்தான் பேச்சு. நல்ல ஆடிட்டர் அமைந்தால் தொழில் கற்கலாம், இல்லாவிட்டால் ஃபைல் அடுக்கலாம். இங்கிலாந்தில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

1563-ல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் ஒரு சட்டம் வந்தது. அப்போதிருந்த கைத்தொழில்களில் எதைச் செய்வதானாலும், குறைந்தது ஏழு வருஷம் ஒரு முதலாளியிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சுலபமான தொழிலோ கஷ்டமான தொழிலோ, எல்லாவற்றுக்கும் அதே ஏழு!

நம் பாடப்புத்தகங்களில் வரும் ஆடம் ஸ்மித் 1776-ல் இதைக் கடுமையாகச் சாடினார். கூலி இல்லாத பையன் சோம்பேறியாகத்தான் இருப்பான், முதலிலிருந்தே செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள், கெடுத்த பொருளுக்கு அவனே பணம் கட்டட்டும் என்பது அவர் வாதம். முதல் பாதி சரி. ஆனால் கெடுத்த பொருளுக்குக் கட்ட ஏழை வீட்டுப் பையன் எங்கே போவான்? அதை அவர் யோசித்த மாதிரி தெரியவில்லை.

உண்மையில் மாட்டிக்கொண்டவர்கள் ஏழைப் பிள்ளைகள்தான். வசதியுள்ள அப்பா, முதலாளிக்குப் பணம் கட்டி மகனை நல்ல தொழிலில் சேர்ப்பார். அநாதைகளையும் ஏழைக் குழந்தைகளையும் ஊர் நிர்வாகமே பஞ்சாலைகளுக்கு அனுப்பிவிடும். காகிதத்தில் இருவருமே 'அப்ரண்டிஸ்'. ஆனால் ஆலைப் பிள்ளை செய்தது அறுந்த நூலை முடிச்சுப் போடுவதும், மெஷினுக்கு அடியில் கூட்டுவதும். ஒப்பந்தம் பெரும்பாலும் 21 வயது வரை. அதன்பின் வெளியே வந்தால் கையில் என்ன தொழில் இருக்கும்?

1802-ல் சர் ராபர்ட் பீல் ஒரு சட்டம் கொண்டுவந்தார் (பின்னால் பிரதமரானவரின் அப்பா). இவரே இப்படிப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்திருந்த மில் முதலாளி! ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு கட்டிலில் இரண்டு பேருக்கு மேல் படுக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: முதல் நான்கு வருஷம், வேலை நேரத்திலேயே எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்றுத்தர வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் உழைத்த குழந்தை ராத்திரியில் எப்படிப் படிக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் கண்காணிப்பதற்கு உள்ளூர் மாஜிஸ்திரேட் ஒருவர், பாதிரியார் ஒருவர். மீறினால் 2 முதல் 5 பவுண்டு அபராதம். மில் முதலாளிக்கு அது ஒரு காசா? சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது.

ஏழு வருஷ விதி 1814-ல் போய்விட்டது. சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர்கள் வந்தது 1833 சட்டத்தில்தான். மொத்தமே நான்கு பேர்!