கூண்டு வண்டி முதல் கேரவன் வரை

போன மாத ஓய்வூதியர் கூட்டத்தில் ஒரு நண்பர் விளம்பரத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். படுக்கை, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ள வண்டி வாடகைக்குக் கிடைக்கிறதாம். ஆறு பேர் சேர்ந்தால் காசி வரை போய் வரலாம், இருபது நாள். நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமா நடிகர் ஷாட்டுக்கு நடுவே போய் உட்காரும் வண்டி என்றுதான் நினைப்போம். பக்கத்துக் கேரளத்தில் 2021-லேயே இதைச் சுற்றுலாத் திட்டமாக அறிவித்து, "கேரவன் கேரளா" என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் கேள்வியும் ஒன்றுதான்: "அறுபத்தெட்டு வயசுக்கு மேல, இருபது நாள் வண்டியிலயே குடியிருந்தா உடம்பு தாங்குமாங்க?" சுகாதாரத் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டர் இல்லை. கிணற்றில் மருந்து போட்டவன், ஊசி போடும் நர்சம்மாவுக்கு முன்னால் ஆள் திரட்டியவன். ஆனால் இந்தக் கேள்வி காங்கேயத்துக்குப் புதிதல்ல என்பது எனக்குத் தெரியும். வண்டியில் படுத்து, வண்டியடியில் சமைத்து, நாட்கணக்கில் ஊர் போய் வந்தவர்கள்தான் நம் அப்பாருமார்.

எங்கள் அப்பாரு வீட்டில் கூண்டு வண்டி ஒன்று இருந்தது. மூங்கில் வளைவின்மேல் பாய் போட்ட கூண்டு. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பவானி ஜமுக்காளம் விரித்தால் அதுதான் மெத்தை. பின்னால் சோளத்தட்டுக் கட்டு, ஒரு மூட்டை பருத்திக்கொட்டை, வண்டியடியில் தொங்கும் லாந்தர். தைப்பூசத்துக்குப் பழனி போவதென்றால் காங்கேயத்திலிருந்து ஊதியூர், தாராபுரம், அலங்கியம் என்று சுமார் 65 கிலோமீட்டர். இன்றைக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துப் பாடு. வண்டியில் மூன்று நாள். கூட்டமாகப் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும்.

சிறுவனாக ஒருமுறை நானும் போயிருக்கிறேன். ஞாபகத்தில் நிற்பது கோயிலைவிட அந்த நடைதான். வண்டியில் உட்கார்ந்து போனது கிழவிகளும் கைக்குழந்தைகளும் மட்டுமே. மற்றவர்கள் எல்லாம் வண்டிகூடவே நடந்தார்கள். மேடு வந்தால் கிழவிகளும் இறங்கிவிடுவார்கள். நான் கால் வலிக்கிறது என்று ஏறி உட்கார்ந்தபோது அப்பாரு, "மேட்டுல மாடு மூச்சு வாங்குது, நீ என்ன சாமி சப்பரத்துல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கற, எறங்கு கண்ணு" என்றார்.

பயணத்தின் நேர அட்டவணையைப் போட்டதும் மாடுதான். விடிவதற்கு வெகு முன்பே, குளிர்ச்சியில் பூட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு புளியமரத்தடியில் அவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் காட்டித் தட்டுப் போட்டு, அது படுத்து அசைபோட்டு முடிக்கும்வரை யாரும் புறப்படப் பேசமாட்டார்கள். சாயங்காலம் மறுபடி பூட்டினால் இரவு ஒரு சாமம்வரை. காங்கேயம் மாடு கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரத்துக் காயும் தின்று வளர்ந்தது. கல்லிலும் சரளையிலும் நடந்த கால், சுமைக்கும் வெயிலுக்கும் பேர்போனது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் அந்த இனத்தைத் தேர்ந்தெடுத்துப் பேணி வளர்த்த கதையைத் தனியாகவே எழுத வேண்டும். அப்படிப்பட்ட மாடாக இருந்தாலும் மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்குமேல் போகாது, போகச் சொல்லி அடிக்கவும் மாட்டார்கள். இதனால் மனிதனுக்கு என்ன ஆயிற்று என்றால், நாளுக்கு ஆறேழு மணி நேரம் மெதுவான நடை, நடுப்பகலில் கட்டாய ஓய்வு, பகலிலும் ஒரு தூக்கம். யாரும் ஆரோக்கியத்துக்காக நடக்கவில்லை. மாட்டுக்குப் பயந்து நடந்தார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, புளி போட்டது. அப்புறம் மூன்று கல் வைத்து அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சோறு, நெய் ஒரு சொட்டு. கம்மஞ்சோற்றைக் கரைத்து மோர் ஊற்றிக் குடிப்பது காலைக்கு. வழியில் நொறுக்குத்தீனி என்றால் நிலக்கடலை, கொஞ்சம் கருப்பட்டி. வாங்கித் தின்ன வழியில் கடைகள் அதிகம் இல்லாததும் ஒரு பாக்கியமே!

இதையெல்லாம் படித்துவிட்டு "அந்தக் காலம் பொற்காலம்" என்று யாராவது பின்னூட்டம் போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால் தப்பித்தது, வயிறு தப்பவில்லை. என் அமுச்சியின் தங்கை, கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாதவள், பழனி போய்த் திரும்பும் வழியில் அலங்கியம் தாண்டி வண்டியிலேயே இறந்துபோனாள். காலையில் வாந்திபேதி கண்டது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. பேதி நிற்கட்டும் என்று கேட்டுக் கேட்டும் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்தார்களாம். அன்றைய வழக்கம் அது. அமுச்சி சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. "தண்ணி தண்ணின்னு கேட்டாளே கண்ணு."

திருவிழாக்களும் வாந்திபேதியும் சேர்ந்தே நடமாடிய காலம் நூறு வருடத்துக்கு மேல். 1865-இல் மக்கா யாத்திரையை ஒட்டிக் காலரா பரவியபின், 1866-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய நாடுகள், யாத்திரைக் கூட்டங்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதையே முக்கியமாகப் பேசின. ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரில் அந்தக் கிருமியைக் கண்டார். குடிப்பதும் குளிப்பதும் துவைப்பதும் அதே குளம். நம் வண்டிப் பாதைகளிலும் வேறென்ன? நூறு வண்டி அவிழ்க்கும் இடத்தில் ஒரு கிணறு, அதன் மேட்டிலேயே கால் கழுவுவது, சரிவில் மற்றதெல்லாம். 1893-இல் ஹாஃப்கின் தன் தடுப்பூசியோடு இந்தியா வந்தார். 1939-இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு முழுமையான சட்டம் அதுதான் முதலாவது. அதில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயம் உண்டு. தண்ணீர், கழிப்பிடம், நோயாளிகளைப் பிரித்து வைக்க இடம், இவையெல்லாம் செய்துவிட்டுத்தான் கூட்டம் கூட வேண்டும் என்று எங்களுக்கு அதை வரிவரியாக வகுப்பெடுத்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது காலரா ஊசியின் மவுசு போய்விட்டிருந்தது. அது கொடுக்கும் பாதுகாப்பு குறைவு, சில மாதங்களே நிற்கும் என்பதால் 1973-லேயே உலகச் சுகாதார நிறுவனம் பயணிகளிடம் ஊசிச் சான்று கேட்பதை விட்டுவிட்டது. ஆனால் மூத்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஊசிச் சாவடி வருவதற்கு முன்பே வண்டியைவிட்டு இறங்கிக் காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறிக்கொள்வார்களாம். கை வீங்கும், ஒருநாள் காய்ச்சல் அடிக்கும், நடக்க முடியாது என்ற பயம். என் காலத்து வேலை பிளீச்சிங் பவுடர்தான். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு, கலந்துவிட்டு அரைமணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. பவுடரை அளப்பது சுலபம். குடத்தோடு நிற்கும் அம்மாக்களை அரைமணி நேரம் நிறுத்தி வைப்பதுதான் உத்தியோகம்.

அமுச்சியின் தங்கைக்கு வேண்டியிருந்தது என்ன என்பது பின்னால்தான் நிரூபணமானது. காலரா நஞ்சு குடலில் என்ன செய்கிறது என்பதைக் கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-இல் காட்டினார். 1971-இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது, பன்கான் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் கையில் நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோயின. உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் வைத்து, கூட இருக்கும் உறவினர்களையே டம்ளரில் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே வந்தது. கொடுக்க மாட்டேன் என்று நிறுத்தி வைத்த அதே தண்ணீர்தான், கூட ஒரு பிடி உப்பும் சர்க்கரையும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

இனி அந்த விளம்பரத் தாளுக்கு வருகிறேன். வேடிக்கை என்னவென்றால், பொழுதுபோக்குக்காக வீட்டு வண்டி கட்டிய முன்னோடியும் ஒரு மருத்துவர்தான். வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், ஸ்காட்லாந்துக்காரர், கப்பற்படை டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் ஓட்டுவது உடம்புக்கு நல்லது என்று 1881-லேயே புத்தகம் எழுதியவர். 1885-இல் பிரிஸ்டல் நகரில் ஒரு வண்டிப் பட்டறையில் "வாண்டரர்" என்ற வண்டியைக் கட்டச் சொன்னார். எடை ஏறக்குறைய இரண்டு டன், இழுக்க இரண்டு குதிரை. லண்டனுக்கு மேற்கே டுவைஃபோர்டில் கிளம்பி, வடகோடியில் உள்ள இன்வெர்னஸ்வரை போனார். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் மூன்று சக்கர சைக்கிளில் போய்ப் பாதை சரியா என்று பார்ப்பான். கூட ஒரு நாயும் ஒரு கிளியும் வேறு. திறந்த வெளிக் காற்றும் ஊர் ஊராகப் போவதும்தான் மருந்து என்பது அவர் கட்சி. அவரையும் குதிரைதான் மெதுவாகப் போக வைத்தது என்பதைக் கவனியுங்கள்.

மாடும் குதிரையும் போய் இன்ஜின் வந்ததும் கணக்கு மாறியது. தண்ணீர் கேன் வந்துவிட்டது, வாந்திபேதி பயம் பெருமளவு போய்விட்டது. இப்போது ஆபத்து உட்காருவதில்.

1940-இல் லண்டனில் குண்டுவீச்சுக்குப் பயந்து இரவெல்லாம் சுரங்கங்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் திடீரென்று இறந்தார்கள். கால் நரம்பில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. கெய்த் சிம்ப்சன் என்ற டாக்டர் அதை எழுதினார். 1954-இல் ஹோமன்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், விமானத்திலும் காரிலும் வெகுநேரம் உட்கார்ந்தவர்களுக்கும், ஏன், நாடகக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும்கூட இதே கதி என்று காட்டினார். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போதுதான் ரத்தம் மேலே ஏறுகிறது. காலை அசைக்காமல் தொங்கவிட்டால் அது தேங்குகிறது.

இதற்கு நடுவில் 1953-இல் ஜெர்ரி மோரிஸ் செய்த ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடித்தது. லண்டன் மாடி பஸ்களில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டி, ஒரே புகை, ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆனால் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். நாளுக்கு 500 முதல் 750 படிகள் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்குக் குறைவு, வந்தாலும் பிழைத்தவர்கள் அதிகம். ஓட்டுநர் வேலைக்கு வருபவர்களே குண்டானவர்களோ என்று சந்தேகம் வந்ததும், மோரிஸ் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு ஆரம்பத்திலேயே கொஞ்சம் பெரிதுதான் என்று 1956-இல் அதையும் வெளியிட்டார். தன் முடிவுக்கு இடைஞ்சலான கணக்கையும் மறைக்காமல் போட்டாரே, அது பெரிய மனசு. தைப்பூசத்தன்று தாராபுரம் பஸ்ஸில் முன்னும் பின்னுமாக நெரிசலில் நீந்தும் நம் கண்டக்டரைப் பார்க்கும்போதெல்லாம் மோரிஸ் ஞாபகம்தான்.

எங்கள் வீதியில் ஒரு பெரியவர் சென்ற வருடம் வேனில் வடநாடு போய் வந்தார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டம். அடிக்கடி இறங்க வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். ஊர் வந்த மறுநாள் இடது கால் மட்டும் தூண்போல வீங்கியிருந்தது. நல்லவேளை, தைலம் தேய்க்கக் கிளம்பிய மகளைத் தடுத்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நரம்பில் ரத்தக்கட்டு. ஆறு மாதம் மாத்திரை, பிழைத்துக்கொண்டார்.

ஆகவே நண்பர்களிடம் நான் சொன்னது இதுதான். போங்கள். ஆனால் டிரைவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும், எல்லோரும் இறங்கிக் கால் மைல் நடக்க வேண்டும். நடுப்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை ஓட்டமே கூடாது. தண்ணீரைக் குறைக்காதீர்கள், கழிவறைதான் வண்டியிலேயே இருக்கிறதே. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ காசியாவது கங்கையாவது, முதலில் ஆஸ்பத்திரி. உப்புக் கரைசல் பாக்கெட் பத்து, பிரஷர் சர்க்கரை மாத்திரைகள் கணக்குக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. "இருபது நாள்ல முடியாதுங்களே, முப்பது நாள் ஆகுமே" என்றார் விளம்பரம் கொண்டுவந்தவர். ஆகட்டும், நமக்கு என்ன பள்ளிக்கூடம் திறக்கிறதா?

பழனிக்கு மாட்டு வண்டி கட்டுபவர்களைப் பார்ப்பதே இப்போது அபூர்வம். நடப்பவர்கள் குறையவில்லை. தை மாதம் தாராபுரம் ரோட்டில் போய்ப் பாருங்கள், இரவெல்லாம் பச்சை வேட்டியும் காவடியுமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். பின்னாலேயே ஒரு மினி லாரி வரும். தண்ணீர் டிரம், சமையல் பாத்திரம், பாய் தலையணை, வலித்தைலம், ஓரத்தில் கால் நீட்டித் தூங்கும் ஒரு பாட்டி. அப்பாரு வண்டியில் இருந்ததெல்லாம் அதில் இருக்கிறது. தண்ணீர் சுத்தம், காலுக்கும் நடை. ஆனால் இருட்டில் பின்னாலிருந்து வேகமாக வரும் வண்டி மோதி இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஒவ்வொரு தைப்பூசத்தை ஒட்டியும் கண்ணில் படுகிறது. அதனால் போலீஸார் வழியில் நிறுத்தி, நடப்பவர்களின் முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டை ஒட்டி அனுப்புகிறார்கள். அன்று ஊசிச் சாவடியைக் கண்டு காட்டு வழியில் ஓடினார்கள். இன்று பட்டை ஒட்ட வரிசையில் நின்று முதுகைக் காட்டுகிறார்கள்.