விறைப்பு ஊசி கேட்ட கேள்வி

எம்பிலிப்பிட்டிய பஸ் நிலையத்தில் இறக்குவானை பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, அருகிலிருந்த மூதாட்டியொருவரின் மடியில் எக்ஸ்-றே உறையைக் கண்டேன். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவராம். “படத்துல ஒண்ணும் இல்லனு சொல்லிட்டாங்க ஐயா, ஆனா நிமிர முடியல” என்றார்.

எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. வேலைக்குப் போகாதிருக்க டிஸ்பென்சரித் துண்டு வேண்டும்; காயமோ காய்ச்சலோ இருந்தால் கிடைக்கும். முதுகு வலிக்குத் தைலம் கிடைத்தது, கூடவே ‘வேலைக் கள்ளி’ என்ற பட்டமும்.

முள்ளந்தண்டின் பின்புறத்தில், எலும்புக்கு எலும்பு பொருந்துமிடத்தில், இரட்டை இரட்டையாகச் சிறுமூட்டுகள் உள்ளன. வலி அங்கிருந்தும் வரலாமென 1911இல் பொஸ்டன் வைத்தியர் கோல்ட்துவெய்ட் எழுதினார். 1933இல் கோர்ம்லி அதற்கொரு பெயருமிட்டார். மறு ஆண்டே மிக்ஸ்டரும் பாரும் இடைத்தட்டுப் பிதுக்கத்தை விளக்க, வைத்திய உலகின் பார்வை முழுவதும் தட்டின் பக்கம் திரும்பிவிட்டது. மூட்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டன. படம் பிடித்தும் பயனில்லை. தேய்ந்த மூட்டு வலியின்றி இருப்பதுண்டு, தேயாத மூட்டு வலிப்பதுமுண்டு.

1970களில் சிட்னியின் வைத்தியர் றீஸ், முதுகில் கத்தியைச் செலுத்தி அம்மூட்டுகளின் நரம்புகளை அறுப்பதாகக் கூறிவந்தார். அவுஸ்திரேலிய உடற்கூற்றியலாளர் நிக்கொலாய் பொக்டுக் நரம்புகளின் பாதையை ஆராய்ந்து, அக்கத்தி நரம்பை எட்டவேயில்லையென்று காட்டினார்! அந்த வரைபடமே ஊசிக்கு வழிகாட்டியது. ஒவ்வொரு மூட்டுக்கும் உணர்வூட்டும் இரு நுண்நரம்புகளில், எக்ஸ்-றேத் திரையைப் பார்த்தபடி, சில துளி விறைப்பு மருந்தைச் செலுத்துவார்கள். பின்னர் நோயாளியிடம் கேட்பார்கள்: வலி போயிற்றா? இது சிகிச்சையன்று, விசாரணை. தீர்ப்பு நோயாளியின் வாயில்.

ஆனால் ஊசி போட்டதாலேயே சுகம் தோன்றுவதுமுண்டு. ஆகவே வேறொரு நாளில், மருந்தின் பெயர் சொல்லாமல், இரண்டாம் ஊசி: லிடொகெயின் குறுகிய நேரமும் புப்பிவகெயின் நீண்ட நேரமும் வேலை செய்யும். கீழ்முதுகு வலியுள்ள 176 பேரை ஆராய்ந்த 1994ஆம் ஆண்டின் கட்டுரையில், முதல் ஊசியில் சுகம் கண்டோர் 47 வீதம். இரண்டாவதும் உறுதிசெய்தது 15 வீதத்தையே. அவ்வாறு கழுத்து மூட்டு வலி உறுதியான 24 பேரில் பாதிப்பேருக்கு நரம்பை வெப்பத்தால் செயலிழக்கச் செய்து பார்த்தனர். 1996இல் வெளியான முடிவின்படி, அவர்களது வலி பழைய அளவில் பாதியை எட்ட இடைநிலையாக 263 நாட்களாயின. பொய்ச் சிகிச்சை பெற்ற மற்றோருக்கு 8 நாட்களே.

இவற்றுள் கொஞ்சத்தை மூதாட்டிக்குச் சொன்னேன்.

“அந்த ஊசி போட்டா வலி போயிருமா ஐயா?”

“சில மணி நேரம்தான் அம்மா. எங்கிருந்து வருதுன்னு தெரியும்.”

“தெரிஞ்சா துண்டு குடுப்பாங்களா?” என்று சிரித்தார்.

பஸ் வந்தது. உறையை என்னிடம் தந்துவிட்டு, இரு கைகளாலும் கம்பியைப் பற்றி ஏறினார்.