கார்மெனேர்

கார்மெனேர் என்பது கருநீலத் தோல் கொண்ட ஒரு திராட்சை வகையும், அதிலிருந்து செய்யப்படும் சிவப்பு வைனும் ஆகும். பிரான்சின் பொர்தோ பகுதி இதன் தாயகம். எனினும் இன்று இது தென் அமெரிக்க நாடான சிலியின் திராட்சையாகவே அறியப்படுகின்றது. அங்கு இது நூறாண்டுகளுக்கு மேலாக மெர்லோ என்னும் வேறொரு வகையாகக் கருதப்பட்டு வந்தது.

பெயரும் உறவும்

கார்மின் என்னும் பிரெஞ்சுச் சொல் செந்நிறத்தைக் குறிக்கும். இலையுதிர் காலத்தில் இலைகள் சிவப்பதால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். கபர்னே பிராங்க், குரோ கபர்னே ஆகியவற்றின் கலப்பில் இது தோன்றியதை மரபணு ஆய்வுகள் காட்டின. மெர்லோவுக்கும் கபர்னே பிராங்க் ஒரு பெற்றோர் ஆகும். எனவே இவ்விரண்டும் தோற்றத்தில் ஒத்திருப்பதில் வியப்பில்லை.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலியின் நிலவுடைமையாளர்கள் பொர்தோவிலிருந்து திராட்சைக் கொடிகளைக் கொண்டுவந்து சான்டியாகோவைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் நட்டனர். சில ஆண்டுகளிலேயே பைலொக்சரா என்னும் வேருண்ணிப் பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டி மற்ற வகைகளை மீண்டும் வளர்த்தவர்கள், கார்மெனேரைப் பெரும்பாலும் கைவிட்டனர். குளிர்ந்த இளவேனிலில் இதன் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்வதே அதற்குக் காரணம். ஆண்டீசு மலைக்கும் பசிபிக் கடலுக்கும் இடையே தனித்துக் கிடந்த சிலியை அப்பூச்சி எட்டவில்லை. ஆகவே தாயகத்தில் ஏறக்குறைய மறைந்துபோன கொடி அங்கு பிழைத்தது, ஆனால் பெயரை இழந்தது.

மெர்லோ கொடிகளுடன் கலந்தே இது நடப்பட்டிருந்தது. மெர்லோ பழுத்து மூன்று, நான்கு வாரங்கள் சென்ற பின்னரே கார்மெனேர் பழுக்கும். இரண்டையும் ஒன்றாகப் பறித்தபோது ஒன்று பழமாகவும் மற்றொன்று அரைக்காயாகவும் இருந்தது. சிலியின் மெர்லோ வைனில் காணப்பட்ட பச்சை மணத்தை அந்நாட்டு மண்ணின் இயல்பு என்றே பலரும் எண்ணினர்.

1994 நவம்பர் 24 அன்று பிரெஞ்சுத் திராட்சையியலாளர் ழான்-மிசேல் பூர்சிக்கோ, மைப்போ பள்ளத்தாக்கிலுள்ள வீனா கார்மென் தோட்டத்தைப் பார்வையிட்டார். மெர்லோ எனக் காட்டப்பட்ட கொடிகள் உண்மையில் கார்மெனேர் என்பதை அவர் கண்டறிந்தார். சிலியின் வேளாண்மை அமைச்சு 1998 இல் இதனைத் தனி வகையாக ஏற்றது. மெர்லோ அந்நாட்டின் முக்கிய ஏற்றுமதிகளுள் ஒன்றாக இருந்ததால், உற்பத்தியாளர்களுக்கு இது மகிழ்ச்சியை மட்டும் தந்த செய்தி அன்று. சீனாவில் கபர்னே கெர்னிசுட் என வழங்கிய வகையும் கார்மெனேரே எனப் பின்னர் தெரியவந்தது.

வளர்ப்பும் சுவையும்

மைப்போ, கச்சப்போல், கொல்சாகுவா ஆகிய பள்ளத்தாக்குகளில் இது மிகுதியாக விளைகின்றது. கச்சப்போலில் உள்ள பெயூமோ குறிப்பிடத்தக்கது. அங்குள்ள களிமண் நீரை நெடுநாள் தேக்கி வைப்பதால் கொடி வாடாமல் பழம் முற்றும் வரை காத்திருக்கலாம்.

பச்சை மணத்துக்குக் காரணம் மெத்தாக்சிபைரசீன் எனும் சேர்மங்கள். குலைகளின் மீது வெயில் படும்போதும் பழம் முதிரும்போதும் இவற்றின் அளவு குறையும். ஆகவே குலைகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி விடுவர். அறுவடை ஏப்ரல், மே மாதங்கள் வரை நீளும். மிகவும் தாமதித்தால் சர்க்கரை ஏறி, புளிப்புக் குறைந்து, வைன் தட்டையாகிவிடும். நன்கு அமைந்த கார்மெனேரில் கரும்பழச் சுவையுடன் மிளகு, குடைமிளகாய் மணம் சிறிதளவு இருக்கும், துவர்ப்பு மென்மையானது. அம்மணத்தை முற்றிலும் நீக்க முயல்வது இதன் அடையாளத்தையே நீக்குவதாகும்.

உணவுடன் பொருத்தம்

குறை எனக் கருதப்பட்ட அந்த மணமே உணவுடன் சேரும்போது நிறைவாகின்றது. தீயில் சுட்ட குடைமிளகாய், சீரகமிட்ட இறைச்சி, கரியடுப்பில் வாட்டிய மாட்டிறைச்சி ஆகியவை இதற்குப் பொருந்தும். சிலியில் அரைத்த இளஞ்சோளத்தின் அடியில் கொத்திறைச்சி, வெங்காயம், ஒலிவக்காய், அவித்த முட்டை ஆகியவற்றை வைத்துச் சுடும் பாசுட்டெல் டெ சோக்ளோ இதன் இயல்பான துணையாகும். சோளத்தின் இனிப்பு வைனின் பச்சைத் தன்மையைத் தணிக்கின்றது. மிகுந்த காரம் மதுச்சாரத்தின் எரிவைக் கூட்டும். புளி மிகுந்த உணவின் முன் இது சப்பென்று தோன்றும். 16 முதல் 18 பாகை செல்சியசு வெப்பநிலையில் பரிமாறுவது வழக்கம்.