ஆபிரகாம் முதல் தாய்மாமன் வரை: சொந்தத்தில் கல்யாணம் பற்றி வேதமும் மரபணுவும் என்ன சொல்கின்றன?

"ஆபிரகாமே சொந்தத்துலதானே கட்டினார், நாம கட்டினா என்ன தப்பு?" முறைப்பெண், முறைமாப்பிள்ளை பேச்சு வரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தக் கேள்வியும் கூடவே வரும். இதற்கான அறிவியல் பதிலில் ஒரு பகுதி ஹைதராபாத்தில் இருக்கும் சி.சி.எம்.பி. எனப்படும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலிருந்து வந்திருக்கிறது.

வேதத்தில் என்ன இருக்கிறது?

சாராள் தன் தகப்பனுக்கு மகள், தாய்க்கு மகள் அல்ல என்று ஆதியாகமம் 20-இல் ஆபிரகாமே சொல்கிறார். யாக்கோபு மணந்த லேயாளும் ராகேலும் அவருடைய தாய்மாமன் லாபானின் மகள்கள். மோசேயின் தந்தை அம்ராம் மணந்தது தன் அத்தை யோகெபேத்தை.

ஆனால் அதே மோசேயின் பெயரால் வரும் சட்டத்தில், லேவியராகமம் 18, ஒரே தகப்பனுக்குப் பிறந்த சகோதரியையும் அத்தையையும் மணக்கத் தடை விதிக்கிறது. ஆக, முன்னோர் செய்தார்கள் என்பதே அனுமதி ஆகிவிடாது. ஆரம்பத்தில் வேறு வழியில்லை, பிறகு உறவை வெளியே விரிப்பதே நல்லது என்பது 5-ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் சொன்ன விளக்கம்.

மாமா மகள், அத்தை மகன் உறவை லேவியராகமம் தடுக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. விலக்கு கேட்டுப் பெறலாம்.

மரபணு கணக்கு என்ன?

ஒவ்வொருவரிடமும் பழுதான சில மரபணுக்கள் உண்டு. அதே மரபணுவின் நல்ல பிரதி ஒன்று கூடவே இருப்பதால் பெரும்பாலும் அதன் பாதிப்பு வெளியே தெரியாது. அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25% வாய்ப்பு. நெருங்கிய உறவினர்களிடம் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு அதிகம்.

தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாக 25% மரபணுக்களைப் பகிர்கிறார்கள். ஆபிரகாம்–சாராள் போல ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்கும் அதே 25%தான். அதைக் கேட்டு முகம் சுளிக்கும் நாம், நம் ஊரில் நடக்கும் மாமன் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வருகிறோம்!

மாமா, அத்தை பிள்ளைகளுக்கு இந்த அளவு 12.5%. பொதுவாகப் பிறவிக் குறைபாட்டு அபாயம் சுமார் 3%. இப்படிப்பட்ட தம்பதிகளுக்கு அது 2 முதல் 3 சதவிகிதப் புள்ளிகள் கூடும். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் அபாயம் பூஜ்யம் இல்லை.

அந்நியத்தில் கட்டினால் போதுமா?

இங்கேதான் ஹைதராபாத் ஆய்வு முக்கியம். சி.சி.எம்.பி. விஞ்ஞானி கே. தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்கள் மிகச் சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று தெரிந்தது. பல தலைமுறையாக சாதிக்குள்ளேயே கட்டியதால், "சொந்தமே இல்லை" என்று நினைக்கும் இருவருக்கும் ஒரே பழுது இருக்கலாம்.

உதாரணமாக, வைசிய சமூகத்தில் சிலருக்கு அறுவை சிகிச்சையில் கொடுக்கும் ஒருவகை தசைத் தளர்வு மருந்து எளிதில் உடலிலிருந்து நீங்காது. முன்பே தெரிந்தால் மருத்துவர் மருந்தை மாற்றிவிடலாம்.

சட்டம்?

இந்து திருமணச் சட்டம் 1955, மாமன்–மருமகள் உறவைத் தடை செய்யப்பட்ட பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது.

என்ன செய்யலாம்?

பேச்சு ஆரம்பிக்கும்போதே இரு குடும்பத்திலும் சிறுவயது மரணம், காது கேளாமை, தலசீமியா போன்றவை உண்டா என்று கேளுங்கள். மரபணு ஆலோசகரைப் பார்த்து, இருவரும் பரிசோதனை செய்துகொள்ளலாம். ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். கர்ப்பத்துக்கு முன்பே ஆலோசனை பெறலாம்.

இன்னொன்றும் உண்டு. சொத்து வெளியே போகக்கூடாது, சின்ன வயசுலயே பேசி முடிச்சாச்சு என்ற அழுத்தத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு எந்தப் பரிசோதனையும் தீர்வு இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல இருவருக்கும் இடம் இருக்கிறதா? அதை முதலில் பாருங்கள்.