கம்ப்யூட்டர் (சொல்)

கம்ப்யூட்டர் என்பது இன்று கணினியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். எனினும், முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இச்சொல் முதன்மையாகக் கணக்கிடும் மனிதரையே குறித்து வந்தது. எழுத்தர், தட்டச்சர் என்பன போல அதுவும் ஒரு பணியின் பெயராக இருந்தது.

சொற்பிறப்பு

கணக்கிடுதல் எனப் பொருள்படும் கொம்புட்டாரே என்னும் இலத்தீன் வினைச்சொல்லே இதன் மூலம் ஆகும். ஆங்கில அச்சு நூல்களில் 1613 ஆம் ஆண்டில் ரிச்சர்டு பிராத்வெயிட் எழுதிய நூலிலேயே இச்சொல்லின் மிகப் பழைய ஆட்சி காணப்படுகிறது. அங்கும் இது மனிதரையே சுட்டுகிறது.

மனிதரைக் குறித்தல்

கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிய உதவும் பிரித்தானியக் கடற்பயணப் பஞ்சாங்கம் 1767 ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. அதன் அட்டவணைகளைத் தம் வீடுகளிலிருந்தே கணித்துத் தந்தவர்கள் கம்ப்யூட்டர் எனப்பட்டனர். ஒரே கணக்கை இருவர் தனித்தனியே செய்ய, மூன்றாமவர் விடைகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கினார்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகம் இப்பணியில் பெண்களைக் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தியது. அவர்களுள் ஒருவரான ஹென்றியேட்டா லெவிட் சிலவகை விண்மீன்களின் ஒளி மாறும் கால அளவுக்கும் ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். 1912 இல் வெளியான இம்முடிவு விண்வெளித் தொலைவுகளை அளக்க அடிப்படையாயிற்று.

பொறியைக் குறித்தல்

கணக்கிடும் கருவிகளையும் இச்சொல்லால் குறிக்கும் வழக்கம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஆயினும், ஆலன் டூரிங் 1936 இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில் கம்ப்யூட்டர் என்பது தாளில் கணக்கிடும் மனிதரே.

இரண்டாம் உலகப் போரின்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீரங்கிக் குண்டுகளின் பாதைகளைப் பெண்கள் கணக்கிட்டனர். ஒரு பாதைக்குப் பல மணிநேரம் தேவைப்பட்டது. இதை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் செய்த எனியாக் என்னும் மின்னணுப் பொறி 1946 இல் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு நிரலமைக்க அப்பெண்களிலிருந்தே அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பொறியின் புகழ் பரவியபோதும், அவர்களது பங்களிப்பு பல பத்தாண்டுகள் பரவலாக அறியப்படவில்லை.

1962 இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், பொறி தந்த எண்களைக் கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்க்க வேண்டும் எனக் கோரினார். ஜான்சன் 1953 இல் மனிதக் கம்ப்யூட்டராகப் பணியில் சேர்ந்தவர் ஆவார்.

தமிழில்

கணினி என்பதன் வேர் கணி என்பதாகும். கணி, கணியன் ஆகிய பழந்தமிழ்ச் சொற்கள் நாளும் கோளும் கணிப்பவரைக் குறித்தன. ஆக, இங்கும் ஆளைச் சுட்டிய வேரிலிருந்தே பொறியின் பெயர் பிறந்துள்ளது. இலங்கையில் கணனி என்னும் வடிவமும் வழங்குகிறது.