மேட்டூர் எத்தனை அடி?

எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்ததும் அப்பா முதலில் தேடுவது தலைப்புச் செய்தியை அல்ல. உள்பக்கத்தில் ஒரு மூலையில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. அதைப் படித்துவிட்டுத் திண்ணைச் சுவரில் கரியால் எழுதி வைப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வைகாசி கடைசியில் எங்கள் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால், "சௌக்கியமா?" என்பதற்கு முன்னால் "மேட்டூர் எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரு எண்ணை இவ்வளவு நம்பிய ஊர்கள் வேறு இருக்குமா தெரியவில்லை. அந்த எண்ணைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

தஞ்சை மண்ணுக்கு ஒரு விசித்திரம் உண்டு. குறுவைக்குத் தண்ணீர் வேண்டிய ஆனி, ஆடியில் எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். அப்போது மழை பெய்வது குடகு மலையிலும் வயநாட்டிலும். தலைக்காவிரியிலும் கபினியின் தாய்மலைகளிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டினால்தான் இங்கே நாற்றங்காலில் தண்ணீர் நிற்கும். ஆக, நாங்கள் பார்க்கவே முடியாத ஒரு மலையின் வானிலையை நம்பி விதைக்கிறவர்கள். மலையில் என்ன நடக்கிறது என்பதை யாராவது, எதாவது, எங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அணை வருவதற்கு முன்னால் அதைச் சொன்னது ஆறேதான். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினால் மலையில் நல்ல மழை. நுரையும் சருகும் மரக்கிளையும் சேர்ந்து வந்தால் பெருவெள்ளம் பின்னால் வருகிறது. பெரியவர்கள் படித்துறையில் நின்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். குறை என்னவென்றால், ஆறு சொல்லும்போது விஷயம் வாசலுக்கு வந்துவிட்டிருக்கும். 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளத்தில், கண்டு சுதாரிக்கப் பலருக்கு நேரமில்லாமல் போனது.

1925-இல் தொடங்கி 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அப்போதைய கவர்னர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்றார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு எண் வந்து உட்கார்ந்தது. முழுக் கொள்ளளவு 120 அடி. ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் மூடல் என்பது வழக்கமானது. 90 அடிக்கு மேல் இருந்தால் குறித்த நாளில் திறந்துவிடலாம் என்பது விவசாயிகள் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு.

ஆனால் 'அடி' என்பது யாருடைய அளவு என்று யோசித்துப் பாருங்கள். அணையைக் காக்கிற பொறியாளருடைய அளவு அது. தண்ணீர் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, மதகை எப்போது தூக்க வேண்டும் என்பது அவர் கவலை. அவருக்கு அடிக்கணக்குத்தான் சரி. விதைக்கிறவனின் கேள்வி வேறு: "நான் இன்று நாற்று விட்டால் அறுப்பு வரைக்கும் தண்ணீர் வருமா?"

அடிக்கணக்கு அவனை ஏமாற்றும். அணை ஒரு பெட்டி மாதிரி அல்ல. அடியில் குறுகி, மேலே போகப் போக விரிந்த தாம்பாளம் மாதிரி. 120 அடியில் 93.47 டி.எம்.சி. தண்ணீர் இருக்கும். அப்படியென்றால் 60 அடியில் பாதி இருக்கும் என்றுதானே மனசு சொல்கிறது? இருப்பது ஏறக்குறைய 25 டி.எம்.சி.தான், கால்வாசியை விடச் சற்றே அதிகம். மேலே ஓர் அடி குறைவதும் கீழே ஓர் அடி குறைவதும் ஒன்றல்ல. திண்ணைச் சுவரில் இருந்த கரிக்கோட்டில் இது தெரியாது.

அடுத்து வந்தது ரேடியோ. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதம் தொடங்கியது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது, அதைப் பற்றி விவசாயிகள் ரேடியோவில் கேட்டுக் கேட்டே பயிரிட்டதால் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த அளவுக்குக் காது கொடுத்த ஜனங்கள், அதே ரேடியோவின் வானிலை அறிக்கையை மட்டும் கேலி செய்தார்கள். "ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்" என்றால், பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி என்று அர்த்தமாம்.

உண்மையில் அந்தச் சொற்களுக்குப் பின்னால் கறாரான கணக்கு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை 'சில இடங்கள்'. அதற்கு மேல் 75 வரை ஒரு சொல், அதையும் தாண்டினால் இன்னொரு சொல். ஆக, "ஓரிரு இடங்களில்" என்று கேட்டால், நம் வயலில் பெய்யாமல் போகவே வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். களத்தில் நெல் காயப் போட்டிருக்கிறவனுக்கு எவ்வளவு உபயோகமான செய்தி! அதை யாரும் எங்களுக்கு அவிழ்த்துச் சொல்லவில்லை. எனக்கே வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

புயல் கூண்டு கதையும் இதேதான். இங்கிலாந்தில் அட்மிரல் ஃபிட்ஸ்ராய் 1861-இல் துறைமுகக் கம்பங்களில் கூம்புகளை ஏற்றிப் புயலை அறிவிக்க ஆரம்பித்தார். 1864-இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு வருஷமே அங்கும் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. அந்த வழியில் வந்ததுதான் நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏற்றுகிற கூண்டு. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்குகள், மொத்தம் 11 எண்கள். 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வித்தியாசம். கப்பல் தலைவனுக்கு அது உயிர். காற்று எந்தத் திசையிலிருந்து திரும்பும் என்று அதில் தெரிந்துகொள்வான். 11 என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

1977 நவம்பர் 12 புயலின்போது எங்கள் தெருவில் கூண்டு எண்ணைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கூரை வீட்டுக்காரர் எப்போது பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், மாட்டை எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. எண் எங்களுக்குத் தெரிந்தது, அதன் மொழி மாலுமியின் மொழியாக இருந்தது.

இப்போது எண் போய் நிறம் வந்திருக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. பார்த்தவுடன் புரிகிறது, நல்லதுதான். ஆனால் 2018 அக்டோபர் 7-க்கு 'ரெட் அலர்ட்' என்று செய்தி பரவியபோது என்ன அமர்க்களம் நடந்தது என்று நினைவிருக்கும். பயந்த அளவு மழை வரவில்லை. சிவப்பு என்பது முதலில் நிர்வாகத்துக்குச் சொல்வது: தயாராக நின்று செயல்படுங்கள் என்று. வீட்டிலிருக்கிறவர்கள் அதை ஊழிக்காலம் என்று படித்துவிட்டார்கள். அப்புறம் அடுத்த சிவப்பை யார் நம்புவார்கள்?

அதே 2018 இன்னொரு பாடமும் சொன்னது. ஜூலை 23-இல் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு கடலுக்குப் போனது. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்தன. அந்தச் சமயத்திலும் கடைமடை வாய்க்கால்கள் பலவற்றில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. பேப்பர் கட்டத்தில் 120 என்று இருந்தது. அது அணையின் கணக்கு. என் வாய்க்காலின் கணக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை.

இனி, முதலில் சொல்கிறேன் என்ற காரணம். 2023 ஜூன் 12-இல் அணை திறந்தபோது நீர்மட்டம் 103 அடியைத் தாண்டியிருந்தது. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி போன் பண்ணினான். "நூத்தி மூணு இருக்குங்கிறாங்க. குறுவை போடலாமாண்ணே?"

நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நூறுக்கு மேல இருக்குல்ல, அப்புறம் என்னடா? நாத்து உடு" என்றேன். அப்பாவின் திண்ணைச் சுவர் என் வாயில் பேசியது.

அந்த வருஷம் மலையில் மழை குறைவு. கர்நாடகத்தோடு தண்ணீர்த் தகராறும் முற்றியது. அக்டோபரிலேயே அணையை மூடிவிட்டார்கள். நீர்மட்டம் 30 அடி அளவுக்குப் போயிருந்தது. எங்கள் ஊர் கடைமடை. பால் பிடிக்கிற பருவத்தில் பயிர் காய்ந்தது. தம்பி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிறகு ஒருநாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். வினாடிக்கு 10,000 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு 86.4 கோடி கன அடி போகும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 103 அடியில் இருந்தது சுமார் 69 டி.எம்.சி. வகுத்துப் பார்த்தால் 80 நாள். ஆகஸ்ட் கடைசியோடு சரி. குடிநீருக்கு வைப்பதைக் கழித்தால் அதுவும் இல்லை. எங்கள் பயிருக்கோ அக்டோபர் பாதி வரை தண்ணீர் வேண்டும். அணை முழுசாக நிரம்பியிருந்தாலும் இந்தக் கணக்கில் 108 நாள்தான். அதாவது மேட்டூர் எங்களுக்குக் களஞ்சியமே அல்ல, சின்னக் குதிர். மலையில் மழை தொடர்ந்தால்தான் அது பேசும். நூறு அடி என்ற எண்ணில் இந்த உண்மை ஒளிந்துகொண்டிருந்தது.

மறு வருஷம் நேர்மாறு. 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடி போல இருந்த அணை, ஜூலை 30-இல் 120 அடியைத் தொட்டது. 40 அடியைப் பார்த்துக் குறுவையை விட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதே நாள் விடிகாலையில்தான் வயநாட்டில் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். எங்களுக்குத் தண்ணீர் தந்த அதே பருவமழை.

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்குப் போகிறவர்களுக்காக 1993-இல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பனிச்சரிவு அபாயத்துக்கு 1 முதல் 5 வரை பொதுவான ஒரு படிநிலை வகுத்தன. அதில் எனக்குப் பிடித்தது எண் அல்ல. எந்த உயரத்துக்கு மேல் ஆபத்து, எந்தத் திசை பார்த்த சரிவில் ஆபத்து என்றும் கூடவே சொல்கிறார்கள். போகிறவன் தான் நிற்கும் இடத்தை வைத்து, போகலாமா திரும்பலாமா என்று முடிவு பண்ணலாம். பொழுதுபோக்குக்குப் போகிறவனுக்கு அத்தனை அக்கறை என்றால், சோறு போடுகிறவனுக்கு ஒரு வரி கூட்டிச் சொல்லக் கூடாதா?

பேப்பரின் அந்தச் சின்னக் கட்டத்தில் இன்னும் மூன்று வரி போதும். அணையில் இருப்பது இன்றைய வெளியேற்றத்துக்கு எத்தனை நாள் வரும். குடகிலும் வயநாட்டிலும் நேற்று எவ்வளவு மழை. கல்லணையில் திறந்த தண்ணீர் எந்த ஊர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அது வரும் வரை நானே கணக்குப் போட்டுக்கொள்கிறேன். இப்போது ஜூன் மாதம் தம்பி போன் பண்ணினால், "மேட்டூர் எத்தனை அடிண்ணே?" என்று கேட்பதில்லை. "எத்தனை நாளுக்குண்ணே?" என்று கேட்கிறான். மடிக்கேரியில் மழை எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.