யாழ்ப்பாணக் குடாநாட்டில் இலவச மருத்துவமும் கட்டண மருத்துவமும்

நோயாளியின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குக் குடாநாடு காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கண்டிருக்கிறது. தொடக்கத்தில் அதைச் சுமந்தது தருமம். அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஊரவர் பெரியாஸ்பத்திரி என்றழைக்கும் யாழ். போதனா வைத்தியசாலையும், அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் 1850இல் நன்கொடைப் பணத்தில் எழுந்ததுதான்.

1930களில் மூளாய் மக்கள் வேறு வழி கண்டனர். தாங்களே உறுப்பினராகிப் பங்குப்பணம் சேர்த்துக் கூட்டுறவு வைத்தியசாலை அமைத்தனர். இலங்கையில் இவ்வகையில் அதுவே முதலாவது. சுகமாயிருப்பவரின் பணம் நோயாளிக்கு உதவுவதே காப்புறுதியின் அடிப்படை. அதை இலாப நோக்கமின்றி ஒரு கிராமம் செய்துகாட்டியது இந்த வரலாற்றில் உரிய இடம் பெறாதது வருத்தத்துக்குரியது.

நாடளாவிய இலவச மருத்துவத்துக்கு வழி திறந்தது 1931இல் கிடைத்த சர்வசன வாக்குரிமை. வாக்குக் கேட்டு வந்தவரிடம் ஆஸ்பத்திரி கேட்க ஏழைக்கு முடிந்தது. 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியா அந்தக் கோரிக்கையை வலுப்படுத்தியது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது.

அரசாங்க மருத்துவர்கள் தனியாகப் பணம் வாங்கி வைத்தியம் பார்ப்பதற்கு 1970களில் விதிக்கப்பட்ட தடை, 1977இல் ஆட்சி மாறியதும் விலகியது. காலையில் பெரியாஸ்பத்திரியில் காணும் நிபுணரையே மாலையில் காசு கட்டிச் சனல் பண்ணிக் காணும் வழக்கம் வேரூன்றியது. அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. மாதச் சம்பளமில்லாத தோட்டக்காரருக்கும் மீனவருக்கும் அவ்வாறான பாதுகாப்பு இல்லை.

போர் இலவச மருத்துவத்தைக் கடுமையாகச் சோதித்தது. 1987 ஒக்டோபர் 21இல் இந்திய அமைதிப்படை பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர், தாதியர், நோயாளர் என 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் மருந்துத் தடைக் காலத்திலும் அங்கே வைத்தியம் தொடர்ந்தது.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது, மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டுப் போயினர். அதைக் காட்டிக் கட்டண மருத்துவத்துக்கு ஆதரவு தேடுவோர் நெடுந்தீவை நினைக்க வேண்டும். ஆளும் வருமானமும் குறைந்த தீவுக்கு இலாபக் கணக்கில் எவரும் ஆஸ்பத்திரி கொண்டுவரப் போவதில்லை. அங்கே நோயாளரைப் பராமரிப்பது அரசாங்க வைத்தியசாலையே.